பழைய மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் வாங்கிச் சீர்செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டு கராஜில் 1966ஆம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் ஒன்று நிற்கிறது. ஆறு சிலிண்டர், வெளிர் நீலம், மடக்கி இறக்கும் வெள்ளைத் துணிக்கூரை. 2018 நவம்பரில் வாங்கினேன். நான்கு குளிர்காலம் அதன் அடியில் படுத்து வேலை பார்த்த பிறகுதான் நம்பி ஓட்டும் நிலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் அதை நிறுத்தினால் பத்து நிமிடத்துக்குள் நாலு பேராவது சுற்றி நின்று கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் இவைதான். அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எல்லாம் 1964 முதல் 1966 வரை வந்த மஸ்டாங்கை வைத்துச் சொன்னவை.

கன்வெர்ட்டிபிள்னா சாதாரண காரோட கூரையை வெட்டி எடுத்தது தானே?

இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிப் பதில்கள் தானாகவே புரியும். பழைய லாரியைப் போல மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரை, பக்கச்சட்டம், தூண், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டிங் ஆகி, ஒரு பெட்டி போல நின்று பாரத்தைத் தாங்குகின்றன. பெட்டியின் மூடியை எடுத்துவிட்டால் அது முறுக்கிக்கொள்ளும். அதனால் கன்வெர்ட்டிபிளுக்கு ஃபோர்டு தரைக்கடியில் கூடுதல் பலம் கொடுத்தது: கதவுக்குக் கீழே ஓடும் பக்கச்சட்டத்தின் உள்ளே தடித்த தகடு, முன்பக்கச் சட்டத்தை அதோடு இணைக்க இரு பக்கமும் டார்க் பாக்ஸ் எனப்படும் பெட்டித் தகடு, இருக்கைக்கடியில் குறுக்குத் தாங்கல். கூரை இல்லாத கார் லேசாக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அதே வருடத்து ஹார்டுடாப்பைவிட, அதாவது மடக்க முடியாத இரும்புக்கூரை வண்டியைவிட, இதுதான் கனம்.

ஆக, இந்த வண்டியின் முதுகெலும்பு முழுக்கத் தரையில் இருக்கிறது. தரை துருப்பிடித்த ஹார்டுடாப்பை ஓட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. தரை துருப்பிடித்த கன்வெர்ட்டிபிள் நடுவில் தொய்ந்துவிடும்.

ஏன் மஸ்டாங்? பெரிய காடிலாக், இம்பாலா எல்லாம் இன்னும் அழகா இருக்குமே?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் பழைய வண்டி என்றால் உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அடிப்படை ஹார்டுடாப்பின் விலை 2,368 டாலர். 1965 மாடலில் கன்வெர்ட்டிபிள் மட்டும் 1,01,945, 1966 மாடலில் 72,119 தயாராயின. ஹார்டுடாப்பும், கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக்கும் இதற்கு மேல். இத்தனை வண்டி ஓடியதால் தரைத் தகட்டிலிருந்து கதவு ரப்பர் பீடிங் வரை ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பெரிய காடிலாக்கின் ஒரு குரோமிய அலங்காரத் துண்டு உடைந்தால், அதே துண்டு இன்னொரு பழைய வண்டியிலிருந்து வந்தால்தான் உண்டு.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபோர்டு இந்த வண்டியைச் செய்த மூன்று ஆலைகளில் ஒன்று மெட்டச்சன் ஆலை. அது இருந்தது எங்கள் எடிசனில். 2004இல் மூடிவிட்டார்கள், இப்போது அங்கே கடைகள். நாம் மளிகை வாங்கப் போகும் வழியில் பிறந்த வண்டி என்பதில் எனக்கு ஒரு சொந்தம் உண்டு.

1964½னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

ஏப்ரலில் விற்பனைக்கு வந்ததால் மக்கள் வைத்த பெயர் அது. ஃபோர்டின் பதிவில் எல்லாமே 1965 மாடல்தான். வண்டி எண்ணும் 5 என்றுதான் தொடங்கும். 1964 ஆகஸ்டுக்கு முன் செய்தவற்றில் பேட்டரியை ஏற்ற டைனமோ இருக்கும், பிறகு செய்தவற்றில் ஆல்ட்டர்னேட்டர். சேகரிப்பாளருக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஓட்ட வாங்குகிறவர் ஆல்ட்டர்னேட்டர் வண்டியையே எடுக்கட்டும்.

மொத்தமா எவ்வளவு ஆகும், உண்மையைச் சொல்லுங்க.

என் கணக்கை அப்படியே தருகிறேன். வண்டி 16,500 டாலர். தரையும் பக்கச்சட்டமும் மாற்றத் தகட்டு வேலை 7,000. பெயிண்ட் 6,500. துணிக்கூரை, பொருத்தும் கூலியோடு 1,600. பிரேக் 900. டயர், வயரிங், ரப்பர், கம்பளம் எல்லாம் சேர்ந்து 3,000. ஆக, சீர்செய்ய மட்டும் 19,000. வண்டியின் விலையைத் தாண்டிவிட்டது. இன்ஜினைத் திறக்கவே இல்லை. கழற்றி மாட்டும் வேலையில் பெரும்பகுதியை நானே செய்தேன். இது 2018க்கும் 2022க்கும் இடையிலான விலை. இப்போது கூலி ஏறியிருக்கிறது.

இதிலிருந்து நான் கற்றது: 16,500க்குத் துருப்பிடித்ததை வாங்குவதைவிட, கையிலிருப்பதைச் சேர்த்து வைத்து 25,000க்குத் துருவில்லாததை வாங்கியிருந்தால் பணமும் மிச்சம், இரண்டு வருடமும் மிச்சம். வடகிழக்கு மாநிலங்களில் வாங்குவதானால் நவம்பர், டிசம்பரில் தேடுங்கள். கராஜில் இடமில்லாதவர்கள் அப்போதுதான் விலையில் இறங்கி வருவார்கள். ஏப்ரலில் வெயில் வந்ததும் கூரை மடக்கும் வண்டிக்கெல்லாம் விலை ஏறிவிடும்.

ஆறு சிலிண்டர் போதுமா, வி-8தான் வாங்கணுமா?

1966இல் வந்த ஆறு சிலிண்டர் 200 கன அங்குலம், அதாவது 3.3 லிட்டர், 120 குதிரைத்திறன். எட்டு சிலிண்டர் கொண்ட சாதாரண வி-8 289 கன அங்குலம், 4.7 லிட்டர், 200 குதிரைத்திறன். மறுவிற்பனையில் வி-8க்குத்தான் மதிப்பு. அந்தச் சத்தமும் வேறு. ஆனால் மாலையில் கூரையை இறக்கிவிட்டு நாற்பது மைல் வேகத்தில் ஆற்றோரம் போக ஆறு சிலிண்டர் தாராளம். பானட்டுக்குள் கை நுழைய இடமிருக்கும், வேலை கற்க அதுதான் வசதி. வாங்கும் விலையும் நல்ல அளவு குறைவு.

ஒரு எச்சரிக்கை. ஆறு சிலிண்டர் வண்டியின் சக்கரத்தில் நான்கு போல்ட், வி-8இல் ஐந்து. வி-8 என்று விற்கும் வண்டியில் நான்கு போல்ட் இருந்தால், யாரோ இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு சின்ன பிரேக்கையும் மெலிந்த அச்சையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதை ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள்.

போட்டோல பளபளன்னு இருக்கு. நேர்ல போனா எதைப் பார்க்கணும்?

பெயிண்டையும் இன்ஜினையும் கடைசியில் பாருங்கள். பழைய துணி, டார்ச், ஒரு சிறு காந்தம், தட்டிப் பார்க்க ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றோடு போய் முதலில் தரையில் படுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்க் பாக்ஸ், கதவுக்கடியில் பக்கச்சட்டம், ஓட்டுநரும் பக்கத்தில் இருப்பவரும் கால் வைக்கும் தரை, பின்சக்கரத்துக்கு முன்னால் சட்டம் வளைந்து மேலேறும் இடம்: இந்த நான்கும் திடமாக இருந்தால் மற்றதைப் பேசலாம். அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு மொத்தமாகப் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். துருவை மறைக்க அதைவிட எளிய வழி இல்லை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு டங்கென்று சொல்லும், அழுகியது பொத்தென்று சொல்லும்.

அடுத்து கம்பளத்தைத் தூக்குங்கள். விற்பவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நான் தூக்கவில்லை. புதுக் கம்பளம், நேர்த்தியாக ஒட்டியிருந்தது, கலைக்க மனமில்லை. வீட்டுக்கு வந்து இருக்கையைக் கழற்றிய அன்று, அழுகிய தரைக்கு மேல் ஒரு தகரத்தை ரிவெட் அடித்து ஓரமெல்லாம் பசை பூசியிருந்ததைப் பார்த்தேன். மேலே சொன்ன 7,000 டாலர் அந்தக் கம்பளத்துக்கடியில் இருந்தது.

பிறகு காந்தத்தைத் துணியில் சுற்றி, சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, பின்பக்க மட்கார்டின் அடி ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. டிக்கியைத் திறந்து இரு ஓரப் பள்ளங்களிலும் கை விடுங்கள். கூரையில் விழும் நீர் வடிந்து வரும் பாதையில் இருப்பதால் அங்கேயும் துரு ஏறும். அரிசோனா, கலிஃபோர்னியா பக்கத்து வண்டி வெயிலில் இருக்கை கிழிந்து, டேஷ்போர்டு வெடித்து அவலமாகத் தெரியும், ஆனால் தகடு காய்ந்து கிடக்கும். சாலையில் உப்பு போடும் மாநிலத்து வண்டி நேர்மாறு. நான் மறுபடி வாங்கினால் கிழிந்த இருக்கையைத்தான் வாங்குவேன்.

கதவு கொஞ்சம் இழுத்து மூட வேண்டியிருக்கு. கீல் மாத்தினா சரியாயிடும்னு விக்கிறவர் சொல்றார்.

கீல் தேய்ந்தால் கதவின் பின்முனை கீழே தொங்கும், தூக்கி மூட வேண்டியிருக்கும். அது சின்ன வேலை. ஆனால் கதவுக்கும் பின்பக்க மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. முதல் பதிலில் சொன்ன முதுகெலும்பு போயிருக்கலாம்.

சோதிக்க வழி உண்டு. சமதரையில் நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு முன்சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்துக்கடியில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டு, கதவின் இடைவெளியைப் பாருங்கள். திடமான வண்டியில் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, கதவு சிக்கிக்கொண்டாலோ விலை பேசாமல் திரும்பிவிடலாம். குண்டு குழியில் போகும்போது முன்கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்குவது எல்லாக் கன்வெர்ட்டிபிளிலும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

தண்ணி ஊத்திப் பார்க்கணும்னு ஒருத்தர் சொன்னார். எங்க ஊத்தறது?

முன்கண்ணாடிக்குக் கீழே, பானட்டுக்குப் பின்னால் சின்னச் சின்னத் துளைகளாக ஒரு சல்லடை இருக்கும். காற்று உள்ளே வரும் வழி. மழைநீரும் இலைதழையும் அதற்குள்தான் விழும். உள்ளே காற்றுக்குழாயைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் இருக்கிறது. அறுபது வருட இலைமக்கு தேங்கி அது அரித்துப்போயிருக்கும். ஒரு குவளை தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் அந்தக் குழி ஓட்டையாகிவிட்டது. தரைக் கம்பளம் எப்போதும் ஈரமாக இருப்பதற்கும், தரை அழுகுவதற்கும் முதல் காரணம் இதுதான், கூரை இல்லை.

சரிசெய்ய, மேல்தகட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்தெடுத்துத் திறக்க வேண்டும். மட்கார்டுகளும் முன்கண்ணாடியும் கழன்றாக வேண்டும். விற்பவரிடம் அனுமதி கேட்டே ஊற்றுங்கள்.

வண்டி நம்பரைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறைய. என் வண்டி எண் 6 டி 08 டி என்று தொடங்கும். 6 என்றால் 1966. அடுத்த டி (ஆங்கிலத்தில் T) மெட்டச்சன் ஆலையைக் குறிக்கும். டியர்பார்ன் என்றால் எஃப், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே என்றால் ஆர். 08 என்பது கன்வெர்ட்டிபிள். 07 ஹார்டுடாப், 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது எழுத்து இன்ஜின்: டி ஆறு சிலிண்டர், சி இரட்டைக்குழல் கார்ப்பரேட்டர் வி-8, ஏ நான்குகுழல், கே 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் வி-8. பிறகு ஆறு இலக்க வரிசை எண்.

இதில் 08 தான் உயிர். எண்ணில் 07 இருந்து, நிற்பது கன்வெர்ட்டிபிள் என்றால் யாரோ ஹார்டுடாப்பின் கூரையை அறுத்திருக்கிறார்கள். தரையில் அந்தக் கூடுதல் பலம் இருக்காது. கதவிலுள்ள தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், அதைப் புதிதாக அடித்து வாங்கலாம். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்து மட்கார்டின் உள்தகட்டில் அழுத்தி எழுதிய எண்ணைப் படியுங்கள். வண்டியின் பேப்பரில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"மேட்சிங் நம்பர்ஸ்"னு சொல்லி அஞ்சாயிரம் கூட கேக்கறாங்க. கொடுக்கலாமா?

பிறந்தபோது வைத்த இன்ஜின் இன்னும் இருக்கிறது என்பது அதன் பொருள். ஆனால் 1965, 66 மஸ்டாங்கில் கே எழுத்து வண்டியின் இன்ஜினில் மட்டும்தான் ஃபோர்டு வண்டி எண்ணைப் பொறித்தது. சி, ஏ, டி வண்டிகளின் இன்ஜினில் அது கிடையாது. எண்ணே இல்லாதபோது எதை எதோடு ஒப்பிடுவது? வார்ப்புத் தேதியைப் பார்த்து, வண்டி செய்த நாளுக்குச் சற்று முந்தையதாக இருந்தால் 'காலத்துக்குப் பொருந்துகிறது' என்று சொல்லலாம், அவ்வளவுதான். சி எழுத்து வண்டிக்கு இந்தச் சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஜி.டி. பேட்ஜ் இருக்கே, அதுக்காவது கொடுக்கலாமா?

எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். ஜி.டி. என்று ஃபோர்டு தந்த சிறப்புத் தொகுப்பு நான்குகுழல் வி-8க்கு மட்டுமே, அதாவது ஏ அல்லது கே. சி, டி என்றிருந்தால் பேட்ஜும் கோடுகளும் பின்னால் ஒட்டியவை. அழகுக்கு ஒட்டியதில் தவறில்லை. அந்த விலை கேட்பதில்தான் தவறு.

பேப்பர் இல்லையாம், அதனால பாதி விலையாம்.

வேண்டாம். டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், இல்லாத வண்டியைப் பதிவு செய்ய மாநிலத்துக்கு மாநிலம் வழி உண்டு. உத்தரவாதப் பத்திரம், பழைய உரிமையாளரைத் தேடுவது, பரிசோதனை என்று நீளும். எல்லாம் முடிந்த பிறகு அது திருட்டு வண்டி என்று தெரிந்தால் வண்டியும் போகும், பணமும் போகும். டைட்டில் விற்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். 'என் மாமனார் பேரில் இருக்கு' என்றால் மாமனார் கையெழுத்து வந்த பிறகே பணம்.

வாங்கியாச்சு. முதல்ல பெயிண்ட் அடிச்சிட்டா பார்க்க நல்லா இருக்கும்ல?

முதலில் நிற்கும்படி செய்யுங்கள், பிறகு ஓடும்படி, கடைசியில்தான் பார்க்கும்படி. 1966 வரை மஸ்டாங்கின் பிரேக், எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரில் ஓடியது. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 முதல்தான் இரட்டை அறை. அதற்கு மாற்றும் தொகுப்பு எளிதில் கிடைக்கிறது. நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் வேலை அதுதான். கூடவே மூன்று ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள், பழையது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால் பட்டன் தேயாமல் இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து பெட்ரோல் டேங்க். இந்த வண்டியில் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. பின்னால் பலமாக மோதினால் பெட்ரோல் டிக்கிக்குள் சிந்தும். அங்கிருந்து இருக்கைக்கு வர நடுவே ஓர் அட்டைதான் தடுப்பு. பின்னிருக்கைக்குப் பின்னால் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்திவிடுங்கள். செலவு சொற்பம். இத்தனையும் முடித்து, ஒரு கோடைகாலம் ஓட்டி, எது ஒழுகுகிறது எது முனகுகிறது என்று தெரிந்த பிறகு பெயிண்டுக்குப் போகலாம். தகட்டு வேலை பாக்கி இருக்கும்போது பெயிண்ட் அடித்தால் இரண்டு முறை அடிக்க வேண்டிவரும்.

தரை வெல்டிங்கை நானே பண்ணலாமா?

மிக் வெல்டிங் பழகியவர் என்றால் கால் வைக்கும் தரையின் சிறு துண்டுகளை மாற்றலாம். பக்கச்சட்டம், டார்க் பாக்ஸ் பக்கம் போவதானால் இந்த ஒரு விதியை மீறாதீர்கள்: வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, இரு பக்க வாசலையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். கதவு ஒழுங்காக மூடும் நிலையில் அளவெடுத்த பிறகே கட்ட வேண்டும். கட்டாமல் தரையை வெட்டினால் வண்டி தன் எடையிலேயே தொய்யும். அப்படியே புதுத் தகட்டை வெல்டிங் செய்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திறங்கள். நான் இதைத் தொழில் தெரிந்த டிங்கர் ஒருவரிடம்தான் கொடுத்தேன், கொடுத்ததில் வருத்தமில்லை.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், வேலை செய்த துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

டாப் மாத்தறது கஷ்டமா? ஒரு தலையணை உறை மாதிரி மாட்டிடலாம்னு நினைச்சேன்.

மிகவும் பொறுமை கேட்கும் வேலை. முதலில் இரும்புச் சட்டம் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா, முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் சரியாகப் பொருந்துகிறதா, பக்கக் கண்ணாடிகளை ஏற்றினால் ரப்பரில் படிகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதைப் பெயிண்டுக்கு முன்பே செய்துவிட வேண்டும். துணியைப் பெயிண்டுக்குப் பிறகு மாட்ட வேண்டும். பின்கண்ணாடித் திரை, பக்கப் பட்டைகள், அதற்கு மேல் துணி என்பது வரிசை. வெயில் நாளில் துணியைச் சற்று நேரம் விரித்துப் போட்டால் இளகும். குளிரில் இழுத்துக் கட்டினால் கோடையில் தொங்கும். நான் ஒரு முறை முயன்று, மடிப்பு விழுந்து, பிறகு கூரை தைப்பவரிடம் கொடுத்தேன்.

மோட்டாரில் ஏறி இறங்கும் வகை என்றால், பின்னிருக்கைக்குப் பின்னால் பம்பும் இரு பக்கமும் எண்ணெய் சிலிண்டர்களும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஏறினால் மோட்டாரை நிறுத்திக் கசிவைத் தேடுங்கள். கட்டாயப்படுத்தினால் சட்டம் முறுக்கும். கூரையை இறக்குமுன் பின்கண்ணாடியின் ஜிப்பைத் திறக்க மறக்காதீர்கள். ஈரத்துணியை மடித்து வைக்காதீர்கள், பூசணம் பிடித்தால் வாடையும் கறையும் போகாது.

மழையில ஒழுகுமா?

ஒழுகும். புது ரப்பர், புதுத் துணி எல்லாம் போட்ட என் வண்டியில்கூடக் கனமழையில் கண்ணாடி மூலையில் இரண்டு சொட்டு வரும். துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். கால் பக்கம் ஈரமானால் மட்டும் கவலைப்படுங்கள். அது சல்லடைக் குழி, மேலே சொல்லியாயிற்று.

இந்தக் காலத்துப் பெட்ரோல் அதுக்கு ஒத்துக்குமா?

இரண்டு மாற்றம் வந்திருக்கிறது. அன்றைய பெட்ரோலில் ஈயம் இருந்தது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு அது 1996 தொடக்கத்தோடு முற்றிலும் நின்றது. அந்த ஈயம் வால்வு அமரும் விளிம்பைத் தேயாமல் காத்தது. வார இறுதியில் நிதானமாக ஓட்டினால் பெரிதாகத் தேயாது. இன்ஜினைத் திறக்கும் நாள் வரும்போது கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள், அதற்காகவே திறக்க வேண்டியதில்லை. இன்னொன்று எத்தனால். பத்து விழுக்காடு கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் கார்ப்பரேட்டர் டயஃப்ரத்தையும் அரிக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இது தீ பற்றும் விஷயம் என்பதால் பிரேக்கோடு சேர்த்து முதல் மாதத்திலேயே செய்யுங்கள்.

குழந்தைகளைப் பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகலாமா?

இந்த வண்டியில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். தோள் பெல்ட் கிடையாது, கவிழ்ந்தால் காக்கக் கூரையும் கிடையாது. இடுப்பு பெல்ட்டோடு பொருத்த அனுமதியுள்ள குழந்தை இருக்கைகள் உண்டு. ஆனால் பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் அவசியம், அதனால் பூஸ்டர் வயதுப் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. என் மகளை அவள் வளர்ந்த பிறகுதான் ஏற்றினேன், அதுவும் ஊருக்குள்ளே, நெடுஞ்சாலையில் இல்லை. அவள் கோபித்துக்கொண்ட வருடங்கள் உண்டு.

இன்சூரன்ஸ், நம்பர் பிளேட்டெல்லாம் எப்படி?

சாதாரண பாலிசி எடுக்காதீர்கள். அதில் விபத்து நடந்தால் 'அறுபது வருட வண்டி' என்று தேய்மானம் கழித்துக் கொடுப்பார்கள். பழைய வண்டிகளுக்கென்றே, மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதும் பாலிசி உண்டு. வருடத்துக்கு ஓட்டும் மைல் குறைவு, பூட்டிய கராஜ் வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கட்டணமும் குறைவாகவே வரும். வேலை முடிய முடிய மதிப்பைத் திருத்தச் சொல்லுங்கள், ரசீதுகளையும் படங்களையும் வைத்திருங்கள். நியூ ஜெர்சியில் 25 வயது தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட் வாங்கலாம். கண்காட்சிக்கும் அது போன்ற பயன்பாட்டுக்கும்தான், தினமும் அலுவலகம் போக இல்லை.

ஒரிஜினலா வெச்சுக்கணுமா, ஏ.சி., புது இன்ஜின்னு மாத்திக்கலாமா?

கே எழுத்து வண்டி, அல்லது இதுவரை யாரும் கை வைக்காத வண்டி என்றால் மாற்றாதீர்கள். ஒரு முறை கலைத்தால் திரும்பாது. மற்றபடி, திருப்பி மாட்டக்கூடிய மாற்றமா என்று பார்ப்பேன். இரட்டை அறை பிரேக், பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், நல்ல ரேடியேட்டர் எல்லாம் போல்ட்டில் மாட்டுபவை. பழையதை எண்ணெய் தடவி டப்பாவில் வைத்துவிட்டேன். தகட்டை வெட்டி நவீன இன்ஜினை ஏற்றுவது வேறு. அதற்கு ஏற்கெனவே கலைத்துப்போட்ட வண்டி ஒன்றைத் தேடலாமே, நன்றாக இருப்பதை ஏன் வெட்ட வேண்டும்?

ஊருக்குக் கொண்டு போய் சென்னையில ஓட்டலாமா?

ஆசை எனக்கும் உண்டு. இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. முந்தைய பதிலில் வெட்டாதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். இடப்பக்க ஸ்டியரிங் என்பதால் சைகை காட்டும் கருவியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் இறக்குமதி விதிகளும் சுங்க வரியும் நிற்கின்றன. வரி வண்டியின் மதிப்பையே மிஞ்சக்கூடும். கணக்குப் போட்டுப் பார்த்து நான் விட்டுவிட்டேன்.

எல்லாத்தையும் கழட்டிப் போட்டு மூணு வருஷமாச்சு. நேரமே இல்ல. வித்துடட்டுமா?

இதை மெல்லிய குரலில் தனியாக வந்து கேட்பார்கள். சிகாகோ பக்கம் ஓர் இளம் பள்ளி ஆசிரியை, மஸ்டாங் அறிமுகமாவதற்கு இரண்டு நாள் முன்பே, 1964 ஏப்ரல் 15 அன்று, ஷோரூமில் துணி போர்த்தி வைத்திருந்த வெளிர் நீலக் கன்வெர்ட்டிபிளை வாங்கினார். 1979இல் அது பழுதாகி கராஜுக்குள் போனது. அவருடைய கணவர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்தது, 27 வருடம் அங்கேயே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கணவரே அதைச் சீர்செய்தார். அமெரிக்காவில் விற்ற முதல் மஸ்டாங் என்று இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறார்கள். மூன்று வருடம் ஒன்றுமே இல்லை.

வைத்துக்கொள்வதானால் கழற்றியதை எல்லாம் இன்றே பையில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். ஞாபகம் இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்காது. சக்கரத்தை மாட்டி, தள்ளினால் நகரும் நிலையில் வையுங்கள். வாரத்தில் ஒரு மாலை மட்டும் ஒதுக்கி ஒரே ஒரு பாகத்தை எடுத்து முடியுங்கள். விற்பதானால் உதிரியாக விற்காதீர்கள். டைட்டில், ரசீதுகள், பைகள், அந்த டப்பாவில் வைத்த பழைய பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்து முழுதாகக் கொடுங்கள். ஜூன் மாதம் பென்சில்வேனியா கார்லைல் நகரில் ஃபோர்டு வண்டிகளுக்கென்றே நடக்கும் சந்தைக்குப் போனால், அதை எடுத்து முடிக்கத் தெரிந்த ஆட்களைப் பார்க்கலாம். விற்குமுன் ஒரு முறை என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை காலையில் வந்து, பைகளில் பெயர் எழுத உதவுகிறேன்.